தம்பி பேரில் ஒரு குட்டியானை

ரத்தினம்மா அன்றைக்குப் பொழுது விடிந்ததிலிருந்தே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்தாள். பால் கறக்கவிடாமல் காலை உதைத்த மாட்டைத் திட்டினாள். புகைந்த அடுப்பைத் திட்டினாள். மாங்காய்க் குவியலின் மேல் வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த புருஷன் முனிரத்தினத்தையும் விடவில்லை. உண்மையில் திட்டு வாங்கவேண்டிய ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம், பள்ளிப்பட்டைத் தாண்டி ஒரு ஊரில், தமிழ்நாட்டில் இருந்தான். அவள் கூடப்பிறந்த தம்பி தமிழ்செல்வன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கிற ஆளைத்தான் காணோம்.

ஆந்திராவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய சிறிய மாந்தோப்பு. இந்த வருஷம் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய் கிளை ஒடியக் காய்த்துத் தள்ளியது. அதுதான் வினையே. ஊருக்கெல்லாம் காய்த்தால் எவன் விலை கொடுப்பான்? சித்தூர்ப் பக்கம் ஜூஸ் ஃபேக்டரி வாசல்களில் ட்ராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. டோக்கன் இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். டோக்கனுக்காக ரத்தினம்மா அலையாத அலைச்சலெல்லாம் அலைந்து, இன்றைக்குச் சாயங்காலத்துக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தாள். தவறவிட்டால் அடுத்த டோக்கன் வருவதற்குள் மாங்காய் பழுத்து, பழம் அழுகி, அதை அள்ளிக் குழியில் கொட்டக் கூலி கொடுக்கவேண்டி வரும்.

டோக்கன் கையில் இருக்கிறது, மாங்காய் வாசலில் இருக்கிறது, வண்டி இல்லை. குட்டியானை என்று ஊர் ஜனங்கள் கூப்பிடும் சின்ன சரக்கு வண்டி. தமிழ்செல்வன் பொண்டாட்டி வீட்டார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகவேண்டும் என்று ஓட்டிக்கொண்டு போனான். "நாளிக்கே கொண்டாந்து வுட்டுர்றேன்க்கா" என்றான். அவன் சொன்ன நாளை வந்து போய் ஒரு வாரம் ஆகப்போகிறது.

"இன்னா, மறுபடியும் அடிச்சிப் பாத்தியா?" என்றான் முனிரத்தினம்.

"அடிச்சிக்கினுதான் கீறேன். மணி அடிக்குது, எடுக்க மாட்டேன்றான்."

"வேற வண்டி சொல்லிடலாமா? வாடகதான?"

"வாடகயா? சொந்த வண்டிய வெச்சிக்கினு வாடக குடுப்பியா நீ? இந்த வருசம் விக்கிற விலைக்கு வாடகயும் குடுத்தா, மாங்காய அங்க கொட்டிட்டு வெறுங்கையோடதான் வரணும்."

"சொந்த வண்டின்னு கத்தாத. நாகையா வூடு பக்கத்துலதான் கீது."

"அந்தாளு குடுத்த ரோசனதான இது! கேட்டா கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்!"

ஆனாலும் அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. நாலு வருஷப் பழக்கம் அது.

அந்த வண்டி வந்த கதையைச் சொன்னால்தான் இவள் கோபம் புரியும். தோட்டத்துக் கத்தரிக்காயையும் மிளகாயையும் புத்தூர் சந்தைக்குக் கொண்டுபோக வாடகை ஆட்டோவுக்குக் கொடுத்துக் கொடுத்து, விளைச்சலில் பாதி ஆட்டோக்காரன் வீட்டு மாடியாக எழும்புகிறது என்று அவளுக்கு ஒருநாள் உறைத்தது. அன்றைக்கே முடிவு கட்டினாள், நமக்கென்று ஒரு வண்டி. அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது சிக்கனம் என்று சொன்னால் போதாது. கறந்த பாலில் ஒரு கரண்டிகூட வீட்டுக்கு எடுக்காமல் டைரிக்கு ஊற்றினாள். தீபாவளிக்கு மகள் யாமினிக்கு மட்டும் துணி, இவர்கள் இருவருக்கும் பழையதே போதும். போஸ்ட் ஆபீசில் மாதா மாதம் கட்டினாள், நடுவில் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூட அந்தப் பணத்தைத் தொடவில்லை.

முனிரத்தினம் அவளுக்கு ஒரு படி மேலே. மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது புத்தூர் நாட்டு வைத்தியர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டு மாற்ற மறுபடி மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இவன் கடைசித் தடவைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போய், அவனுக்கும் சோறு வாங்கிக் கொடுப்பானேன் என்று மூங்கில் பத்தையைத் தானே அவிழ்த்துப் போட்டுவிட்டான். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. ஊன்றுகோல் இல்லாமல் வரப்பில் நடக்க முடியாது. மருத்துவர் சான்று கொடுத்து, அதன்மேல் சர்க்கார் ஊனமுற்றோர் பென்ஷன் வந்தது. இப்போது மாதம் ஆறாயிரம். மிச்சம் பிடிக்கப் போய்க் கால் போனது, கால் போனதால் பென்ஷன் வந்தது. இதை லாபத்தில் சேர்ப்பதா நட்டத்தில் சேர்ப்பதா என்று ரத்தினம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்டி வாங்கும் சமயத்தில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். யாமினி திருப்பதியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள், "அம்மா, உன் துட்டு, உன் ஒழைப்பு. உன் பேர்லயே வாங்கு. அதனால போறது இன்னாவோ, போவட்டும்" என்றாள். பக்கத்து வீட்டு நாகையா அப்படிச் சொல்லவில்லை. சச்சிவாலயம் என்கிற கிராம ஆபீசுக்கு நித்தம் ஒரு நடை போய்வந்து, எந்தத் திட்டம் யாருக்கு வரும், யாருக்கு வெட்டுவார்கள் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவர்.

"நா மாட்ட வினு ரத்தினம்மா, நான் சொல்றத கேளு. நாலு சக்கர வண்டி உன் பேர்ல ஏறுனா ஆதார்ல காட்டிடும். அரிசி கார்டு போச்சி. கார்டு போனா உன் வூட்டுக்காரன் பென்ஷனும் போச்சி. என்னயப் பாரு, என் பேர்ல ஒரு சொம்பு கூட கெடையாது. ட்ராக்டரு மச்சான் பேர்ல, மனை மருமவன் பேர்ல. கவர்மெண்டு கண்ணுக்கு நான் பரம ஏழை. உனக்குத்தான் அந்தண்ட தமிழ்நாட்ல தம்பி கீறானே, அவன் பேர்ல போட்டுடு. ரெண்டு ஸ்டேட்டு, எவன் வந்து பாக்கப் போறான்?"

பத்துக் காசைக்கூட விடாமல் பிடித்தே பழகியவளுக்கு இந்தப் பேச்சு தேனாக இனித்தது. வண்டியும் வரும், அரிசியும் வரும், பென்ஷனும் வரும், ஒன்றும் போகாது. பெற்ற மகள் சொன்னது காதில் ஏறவில்லை. தமிழ்செல்வன் பேரில் வண்டி பதிவாயிற்று. டிரைவருக்குப் பேட்டா கொடுப்பானேன் என்று ரத்தினம்மாவே ஓட்டக் கற்றுக்கொண்டாள். தம்பி வண்டியை அக்கா ஓட்டிப் பிழைக்கிறாள் என்று ஊர் சொன்னது. இவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். சொந்தச் சம்பாத்தியத்தை ஊருக்கு முன்னால் சொல்லிக்கொள்ள முடியாத கஷ்டம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிப்பட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்தாள். ஆனி மாதத்துக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மேகம் வந்து வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் மாடுகள் படுத்திருந்தன. தம்பி வீட்டுத் தெருவில் நுழைந்ததுமே வண்டி கண்ணில் பட்டது. புளியமரத்தடியில் நின்றது. முன்கண்ணாடிக்கு மேலே தமிழ்செல்வன் மகன் பேரைப் புதிதாகப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள், யஸ்வந்த் என்று, பக்கத்திலேயே ஒரு பூவும் போட்டு. 

"டேய் தமிழு! வெளிய வாடா!"

தமிழ்செல்வன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தான். அக்கா முகத்தைப் பார்க்காமல் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான்.

"போன எடுக்க மாட்டியாடா? அங்க என் மாங்கா அழுவிக்கினு கீது, நீ இங்க பேரு எழுதி பூவு போட்டுக்கினு கீறியா? குடு சாவிய."

"சாவி எங்கிட்ட இல்லக்கா. போனும் எங்கிட்ட இல்ல."

"பின்ன யார்கிட்ட கீது?"

அவன் வீட்டுக்குள் கையைக் காட்டினான். அவன் பெண்டாட்டி ரூபா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"வாங்க அண்ணி. வெயில்ல நடந்தா வந்தீங்க? மொதல்ல உள்ள வந்து துன்னுங்க. சண்ட அப்புறம் போட்டுக்கலாம்."

"நான் துன்ன வரல ரூபா."

"எங்க வூட்டுக்கு வந்துட்டு துன்னாம போனா ஊரு என்னத்தான் பேசும். களி கிண்டிக்கீறேன், கருவாட்டுக் கொழம்பு கீது. வாங்க."

நாத்தனாரைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது, எவ்வளவு பகை இருந்தாலும் சரி. ரத்தினம்மா உட்கார்ந்தாள். களி சூடாக இருந்தது, குழம்பில் காரம் தூக்கல். வாசல் வழியே புளியமரத்து நிழல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உருண்டை உருண்டையாக விழுங்கினாள். ரூபா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்கள கஷ்டப்படுத்தணும்னு நான் வண்டிய புடிச்சி வெக்கல அண்ணி. எனக்கு மாசம் ஆயிரம் ரூபா வந்துக்கினு இருந்துச்சி இல்ல, பொம்பளைங்களுக்கு கவர்மெண்டு குடுக்குதே, அது நின்னு போச்சி. இன்னா ஏதுன்னு போய்க் கேட்டா, உங்க வூட்ல நாலு சக்கர வண்டி கீதுன்றாங்க. எங்க வூட்லயா! ஒரு ஓட்ட சைக்கிள்தான் கீது. அதுக்கும் செயின் கெடையாது."

ரத்தினம்மா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். "எப்பத்துலந்து?"

"போன வருசத்துலந்து. இவரு உங்களாண்ட சொல்லாதன்னு என் வாய அடச்சிட்டாரு. அக்கா அக்கான்னு உருகுவாரு, பொண்டாட்டி துட்டு போனா மட்டும் வாய தொறக்க மாட்டாரு."

"அக்கா, நான் இன்னாக்கா பண்றது?" என்றான் தமிழ்செல்வன், வாசற்படியில் நின்றபடி.

"நீ சும்மா கெட" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ரூபா தொடர்ந்தாள். "அது ஒண்ணுதான் அண்ணி, யாரையும் கேக்காம நான் எடுத்து வெக்கிற துட்டு. ஒரு ரூபா செலவு பண்ணல. அப்டியே சீட்டு கட்டிக்கினு வந்தேன். சீட்டு எடுத்து நாலு ஆடு வாங்கலாம்னு. பாதில நின்னு போச்சி, சீட்டுக்காரி கழிவு புடிச்சிக்கினு மீதிய குடுத்துட்டா. நீங்க சேத்த மாதிரிதான நானும் சேத்தேன்? உங்க சேமிப்பு வந்து என் சேமிப்ப முழுங்கிடுச்சே."

ரத்தினம்மா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிடிவாதக்காரி, பேராசைக்காரி என்று, சாவியை இடுப்பில் பார்த்ததிலிருந்து ரூபாவை மனசுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவள் இவள்.

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"மேல மனு போட்டுக்கீறேன். இன்னிக்கு விஏஓ விசாரிக்க வராரு. அவராண்ட ஒரு வார்த்த சொல்லுங்க, வண்டி உங்களுது, எங்களுது இல்லன்னு. அத்த சொல்லிட்டு சாவிய எடுத்துக்கினு போய்க்கினே இருங்க."

"சொன்னா அந்தண்ட எங்க கார்ட வெட்டிடுவாங்க ரூபா. எங்க வூட்டுக்காரரு பென்ஷன் போயிடும்."

"சொல்லாங்காட்டி இந்தண்ட எனக்கு வராது. ஆறாயிரத்துக்கு நீங்க பயப்படறீங்க. ஆயிரத்துக்கு நான் பயப்படக் கூடாதா?"

விஏஓ வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ரத்தினம்மா வாசலில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். முனிரத்தினம் போன் போட்டு, அடிமாங்காய் மஞ்சள் தட்டிவிட்டது என்றான். "வந்துக்கினு கீறேன்" என்று வைத்தாள். ஒருவழியாக அவர் பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வயசு அதிகமில்லாத ஆள். களைத்துப் போயிருந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும்மா இந்த வண்டி?"

ரூபா ரத்தினம்மாவைப் பார்த்தாள். தமிழ்செல்வன் இருமினான். ஆறாயிரம், அரிசி, புருஷன் கால் எல்லாம் ஒன்றாக ரத்தினம்மாவின் கண்ணில் வந்தன. வண்டியைப் பார்த்தாள். ஒரு வாரமாக யாரும் கழுவவில்லை. பக்கவாட்டில் புதிதாக ஒரு நீளக் கீறல். எவனோ கொண்டுபோய் எதிலோ உரசியிருக்கிறான். அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ!

"என்னுது சார்! என்னுது! என் துட்டு போட்டு வாங்குன வண்டி. இவன் பேரு சும்மா ஒப்புக்கு. நாந்தான் வாங்குனேன், நாந்தான் ஓட்டறேன். என்னுது சார்!"

தெருவில் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. இனி எது போனாலும் போகட்டும் என்று ரத்தினம்மா மூச்சுவாங்க நின்றாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போலிருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

விஏஓ அசரவில்லை. "ஆர்சி யார் பேர்ல இருக்கு?"

"தம்பி பேர்ல."

"இன்சூரன்சு?"

"அதுவும் தம்பி பேர்ல."

"பேங்க் வழியா துட்டு குடுத்தியா? ரசீது கிசீது?"

"போஸ்ட் ஆபீஸ்ல எடுத்து இவன் கையில குடுத்தேன். இவன் கட்டுனான்."

"அப்ப உன்னுதுன்றதுக்கு இன்னாம்மா இருக்கு?"

"இன்னா கீதா? நான் குடிக்காத டீக்கும் எடுக்காத சேலைக்கும் எவன் சார் ரசீது குடுப்பான்?"

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. "நீ சொல்றது நெஜமாவே இருக்கும். பொய் சொல்றவங்க இப்டி கத்த மாட்டாங்க. ஆனா ஆர்சில எவன் பேரு இருக்கோ அவன் வண்டிதாம்மா எனக்கு. நாளைக்கே நான் வேற மாதிரி எழுதினா என்னத்தான் கேப்பாங்க. பேர மாத்திட்டு அந்தப் பேப்பரோட மனு போடுங்க. வரேன்."

பைக் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று இவ்வளவு காலம் ரத்தினம்மா வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். சொல்லியும் பார்த்தாயிற்று. ஏனென்று கேட்க நாதி இல்லை.

"சரி. திங்கக்கெழம என் பேருக்கு மாத்திடலாம்டா" என்றாள் ரத்தினம்மா. "யாமினி அன்னிக்கே தலப்பாடா அடிச்சிக்கினா. மாத்திடலாம். போறது போவட்டும்."

"நெஜமாவா அண்ணி?" என்றாள் ரூபா.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. முனிரத்தினம். வண்டி கிடைத்ததா என்று கேட்டான். ரத்தினம்மா நடந்ததைச் சொல்லி, திங்கட்கிழமைச் சேதியையும் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள்.

"இன்னா, கீறியா?"

"கீறேன்." அவன் குரல் மாறியிருந்தது. "ஒண்ணாந்தேதி ஆனா வூட்டு வாசலுக்கு வந்து, முனிரத்தினம் காருன்னு மரியாதயா கூப்ட்டு, பென்ஷன என் கையில குடுத்துட்டுப் போறாங்க. தோட்டம் உன்னுது மாதிரி நீயே பாக்கற. வண்டி நீயே ஓட்டற. சந்த நீயே போற. எனுக்குன்னு வரது அது ஒண்ணுதான். அதுவும் என் கால் போன துட்டு. உன் பேர வண்டில ஏத்தறதுக்கு என் பேர வெட்டச் சொல்றியா ரத்தினம்மா?"

"இல்ல... நான் அப்டி சொல்லல..."

"நீ ஓட்டறேன்னு ஊருக்கே தெரியும். பேரு எவன் பேரா இருந்தா இன்னா? உன் இஷ்டம். எனுக்கு இன்னா, குந்திக்கினு திங்கறவன்." போனை வைத்துவிட்டான்.

இத்தனை வருஷம் சேர்ந்து மிச்சம் பிடித்தவன். ஒரு நாளும் அவளிடம் குரலை உயர்த்தாதவன். இன்றைக்கும் உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்தியிருப்பாள். இப்போது என்ன செய்வாள்? புளியமரத்து நிழல் மறுபக்கம் நீளத் தொடங்கியிருந்தது. இன்னும் மாங்காயை ஏற்றவேண்டும், சித்தூர் ரோட்டில் வரிசையில் போய் நிற்கவேண்டும்.

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். டீசலுக்கென்று வைத்திருந்த பணம். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவி ரூபாவிடம் நீட்டினாள்.

"இந்தா. வண்டி இவன் பேர்லயே இருக்கட்டும், இனிமே மாசா மாசம் நானே குடுத்துர்றேன். கவர்மெண்டு குடுத்தா இன்னா, நான் குடுத்தா இன்னா. மறுபடியும் சீட்டு கட்டு."

"உங்களாண்ட எப்டி அண்ணி வாங்கறது?"

"வாங்கு. சாவிய குடு."

ரூபா தயங்கித் தயங்கி வாங்கினாள். வாங்கியவள் தாளை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சாவியைக் கொடுத்தாள். தமிழ்செல்வன் ஓடிப்போய்ப் பின்கதவுக் கொக்கியை மாட்டினான். ரத்தினம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தம்பி தள்ளிவைத்திருந்த சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னே இழுத்துக்கொண்டாள். இன்ஜின் இரண்டு தரம் முனகிவிட்டுப் பிடித்தது.

ரூபா ஜன்னல் பக்கம் வந்தாள். கோபமெல்லாம் போயிருந்தது. நிஜமான அக்கறையோடு சொன்னாள். "பாத்து ஓட்டுங்க அண்ணி. வெய்ட்டு ரொம்ப ஏத்தாதீங்க, டயர் போயிடும். எங்கனா இடிச்சி வெச்சீங்கன்னா வண்டி ஓனருன்னு இவரத்தான் புடிப்பாங்க."

ரத்தினம்மா கியர் போட்டாள்.

"சரிங்க ஓனரம்மா" என்றாள்.

அண்ணி வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, ரூபா வாய்விட்டுச் சிரித்தாள்.